கோல்ஃப் கொட்டகைக்கு வந்த பூட்டுச் சாமி

பூட்டு பூட்டியபடியே தொங்கியது. உள்ளே பேட்டரி இல்லை.

புல்வெட்டும் வண்டியின் பேட்டரி அது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற சாமான் அல்ல. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இல்லை. இடையில் பூட்டை யாரும் உடைக்கவில்லை, அறுக்கவில்லை, ஒரு கீறல்கூடப் போடவில்லை. சன்னல் கம்பி அசையவில்லை. கூரைத் தகடு பெயரவில்லை.

அறிவழகன் பூட்டைக் கையில் ஏந்திக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், கடைசியில் முகர்ந்தும் பார்த்தார். எதற்கு முகர்ந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"இன்னா சார், பூட்டு மல்லிப்பூவா?" என்றார் வீரம்மாள்.

வீரம்மாள் அந்த மைதானத்துக்குப் பதினொரு வருடமாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். காண்ட்ராக்ட் ஆள். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் பச்சைக் கண்ணாடி வளையல். தினமும் காலையில் வாட்ச்மேன் ராயப்பனிடம் சாவி வாங்கிக் கொட்டகையைத் திறப்பவர் அவர்தான்.

அறிவழகன் செம்மண்மேடு கோல்ஃப் கழகத்தின் கௌரவச் செயலாளர். நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓரத்தில் ஓய்வுபெற்ற இன்ஜினியர்கள் சேர்ந்து நடத்துகிற ஒன்பது குழி மைதானம். கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஒரு சின்ன வெள்ளைப் பந்தைக் கம்பால் அடித்துத் தூரத்துக் குழியில் போட வேண்டும், பிறகு குனிந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு அறுபது ஏக்கர்.

அறிவழகன் கருவிப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். அழுத்தமானியின் முள் ஏன் ஆடுகிறது என்று பத்து அடி தள்ளி நின்றே சொல்லுவார். தன் பெயரின் முதல் பாதியை அவர் கொஞ்சம் அதிகமாகவே நம்பினார். முதலில் தண்ணீர் தெளிப்பானின் பித்தளை மூக்குகள் காணாமல் போனபோது, பெரிய பூட்டாக வாங்கி மாட்டினார். அடுத்து செப்புக் கம்பிச் சுருள் போனது. அதைவிடப் பெரிய பூட்டு வந்தது. பிறகு ஒரு செட் கோல்ஃப் கம்புகள் போயின. ஏழு லீவர் பூட்டு வந்தது. இப்போது பேட்டரி. பூட்டு வளர்ந்த வளர்த்தியில் அந்த மரக்கதவுக்குக் கழுத்து வலியே வந்திருக்கும்.

பூட்டு மட்டுமா? ஒரு ரெஜிஸ்தரும் போட்டார். ராத்திரியில் மூன்று தடவை வாட்ச்மேன் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்து, நேரம் போட்டு, "பூட்டு சரி" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பேட்டரி போன இரவில்கூட ராயப்பன் ஒழுங்காக எழுதியிருந்தார். பத்து மணி, பூட்டு சரி. இரண்டு மணி, பூட்டு சரி. ஐந்து மணி, பூட்டு சரி. பொய்யே இல்லை. பூட்டு சரியாகத்தான் இருந்தது.

"பூட்டு உடையல, சாவி தொலையல, சாமான் மட்டும் போகுது. இது மனுசன் வேலை இல்லீங்க" என்றார் கழகத் தலைவர் நெடுமாறன். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவது ஓய்வுக்குப் பிறகும் நிற்கவில்லை.

"மனுசன் வேலை இல்லேன்னா பேய்க்கு எதுக்கு சார் பன்னிரண்டு வோல்ட்டு?" என்றார் அறிவழகன்.

"உங்க அறிவியல் இதுவரைக்கும் மூணு பூட்டு வாங்கிக் கொடுத்திருக்குதுங்க. சாமியைக் கூப்பிட்டுப் பார்த்துறலாம். நான் நம்பறேன்னு சொல்லலீங்க. பார்த்துறலாம்னுதான் சொல்றேன்."

படித்தவர்கள் மூடநம்பிக்கைக்குள் நுழைகிற வாசலில் இந்த வாக்கியத்தைத்தான் எழுதி மாட்டியிருக்கிறது.

சாமி என்றால் பூட்டுச் சாமி. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்து, மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு வாடகை ஹாலில் ஆறு மாதமாக உட்கார்ந்திருந்தார். செவ்வாயும் வெள்ளியும் அங்கே நிற்க இடம் கிடையாது. சங்கிலி தொலைத்தவர்கள், ஆடு தொலைத்தவர்கள், செல்போன் தொலைத்தவர்கள், எதைத் தொலைத்தோம் என்று தெரியாமல் சும்மா வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பகலெல்லாம் மீட்டர் முள்ளைத் தவிர எதையும் நம்பாதவர்கள், ஜெனரல் ஷிப்ட் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வரிசையில் சேர்ந்தார்கள்.

சாமியின் வித்தை சுருக்கமானது. சந்தேகப்பட்ட ஆள் கையை நீட்ட வேண்டும். பூட்டிய பூட்டு ஒன்றை உள்ளங்கையில் வைப்பார். பூட்டின் வளையத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். அதை ஒரு கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொள்வார். மறு கையில் கருங்காலிக் கோல். கண்ணை மூடி முணுமுணுத்து மூன்று தட்டு. நல்லவன் கையில் பூட்டு அசையாது. திருடன் கையில் "டக்"கென்று வாயைத் திறக்கும்.

கதைகள் வரிசையைவிட நீளமாக இருந்தன. ஒரு வீட்டில் மாமியாரின் சங்கிலி காணாமல் போய், பூட்டு மருமகள் கையில் திறந்தது. மருமகளைத் திருவதிகைக்கு, அவள் அம்மா வீட்டுக்கே துரத்தினார்கள். பத்தாம் நாள் சங்கிலி மாமியாரின் தலையணை உறைக்குள் கிடைத்தது. அதையும் சாமியின் கணக்கில்தான் எழுதினார்கள்: பூட்டு திறந்ததால் சங்கிலி பயந்துகொண்டு திரும்பி வந்துவிட்டதாம்! மருமகள் மட்டும் திரும்பி வரவில்லை. அதை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சாமி கோல்ஃப் கழகத்துக்கு எழுந்தருளினார். கறுப்பு வேட்டி, கழுத்தில் பன்னிரண்டு கருங்காலி மாலை. பின்னால் இருநூறு பேர். கழகம் தொடங்கிய நாளிலிருந்து கோல்ஃப் பார்க்க அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

"பூட்டுக்குக் கண்ணு கெடையாது" என்று ஆரம்பித்தார் சாமி. "மூஞ்ச பாக்காது, சாதி பாக்காது, பணக்காரன் ஏழை பாக்காது. கைய மட்டும்தான் பாக்கும். சாவியத் தொட்டவங்க யாரு யாரு?"

மூன்று பேர்: வாட்ச்மேன் ராயப்பன், வீரம்மாள், அறிவழகன்.

ராயப்பன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கையை நீட்டினார். தட், தட், தட். பூட்டு கம்மென்று இருந்தது. கூட்டம் மூச்சு விட்டது.

அடுத்தது அறிவழகன். "இதெல்லாம் சும்மா" என்று சொல்லிக்கொண்டேதான் கையை நீட்டினார். ஆனால் முதல் தட்டு விழுந்ததும் சின்ன வயதில் அண்ணன் சட்டைப்பையில் எடுத்த எட்டணா ஞாபகத்துக்கு வந்தது. மூன்றாவது தட்டு. பூட்டு திறக்கவில்லை. "அப்பாடா" என்று அவருக்குள் ஏதோ ஒன்று கீழே உட்கார்ந்தது. அந்த அப்பாடாவை நினைத்து அவர் பிறகு பல நாள் வெட்கப்பட்டார். நம்பாதவனுக்கு எதற்கு நிம்மதி?

மூன்றாவது வீரம்மாள். தட். தட். டக்!

பூட்டு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இருநூறு பேரும் "ஆ" என்றார்கள்.

"நான் எடுக்கலைங்க" என்றார் வீரம்மாள். "அத்த தூக்கினு நான் எங்கங்க போவேன்? என் சைக்கிள்ல கேரியரே கெடையாது."

"பூட்டு சொல்லிடுச்சும்மா" என்றார் சாமி.

"பூட்டு சொல்லும். பேட்டரி எங்க இருக்குதுன்னு சொல்லுமா?"

"அது தனி பூசை."

கூட்டம் அந்தப் பதிலில் திருப்தி அடைந்தது. நெடுமாறன் எழுந்து நின்று, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், காண்ட்ராக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். பெர்மனென்ட் ஆள் என்றால் விசாரணை உண்டு, விளக்கம் கேட்பார்கள், மேல்முறையீடு உண்டு. காண்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு போன்கால். திருட்டுப் பட்டம் விழுந்துவிட்டால் வேறெந்தக் காண்ட்ராக்டரும் சேர்க்கமாட்டார். மகள் இசைப்பிரியா நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வீரம்மாளின் சம்பளம் ஒன்றுதான் அந்த வீட்டுக்கு வருமானம்.

சாமியின் பூட்டு ஏழை பணக்காரன் பார்க்காதாம். ஆனால் ஆறு மாதத்தில் அது திறந்த கைகளை யாராவது எண்ணியிருந்தால், ஒரு கையாவது நல்ல சம்பளம் வாங்குகிற கையாக இருந்ததில்லை என்பது தெரிந்திருக்கும். யாரும் எண்ணவில்லை.

அறிவழகன் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நடந்ததை மனைவி திலகவதியிடம் சொன்னார்.

"பூட்டு உங்க கையில திறந்திருந்தா?" என்று கேட்டார் திலகவதி.

"சும்மா ஏதோ மெக்கானிக்கல் கோளாறுன்னு சொல்லியிருப்பேன்."

"வீரம்மா கையில திறந்தப்ப ஏன் சொல்லலை?"

அறிவழகன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். மந்தாரக்குப்பத்துக்குப் போய், சாமி வைத்திருந்த அதே மாதிரிப் பூட்டு ஒன்றை வாங்கி வந்தார். பக்கத்திலேயே கருங்காலிக் கோலும் விற்றார்கள். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

"பூரிக்கட்டை இருக்கு, வேணுமா?" என்றார் திலகவதி.

பூட்டின் வளையத்தில் நாடாவைக் கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பூரிக்கட்டையால் தட்டினார். முன்பக்கம் தட்டினார், பின்பக்கம் தட்டினார். கால்மணி, அரைமணி. மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, குவார்ட்டர்ஸில் என்ன இடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் அறிவழகனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ராயப்பனுக்கும் தனக்கும் சாமி பூட்டின் வயிற்றில் தட்டினார். வீரம்மாளுக்கு மட்டும் கோலைக் கொஞ்சம் சாய்த்து விலாவில், பக்கவாட்டு ஓரத்தில், தட்டினார்.

விலாவில் ஒரு தட்டு. டக்!

"ஏ, திலகா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடிக்காரர் மறுபடியும் இறங்கி வந்தார்.

இருவருக்கும் அறிவழகன் பொறுமையாக விளக்கினார். விளக்குவது என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். விலை குறைந்த பூட்டுக்குள் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது. அது வளையத்தில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் பூட்டிவிட்டது என்று அர்த்தம். நாக்கைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருப்பது பேனா ஸ்பிரிங்கைவிடச் சின்ன ஒரு ஸ்பிரிங். நின்றிருந்த டவுன் பஸ் வெடுக்கென்று கிளம்பினால் நிற்கிறவர்கள் என்ன ஆகிறார்கள்? பஸ் முன்னால் போகிறது, ஆள் பின்னால் சாய்கிறான். அதேதான். பூட்டின் விலாவில் தட்டினால் பூட்டின் உடம்பு வெடுக்கென்று நகர்கிறது. உள்ளே இருக்கிற நாக்கு பின்தங்கிப் பள்ளத்தைவிட்டு ஒரு கணம் வெளியே வருகிறது. அந்த ஒரு கணம் போதும். மேலே கயிறு இழுத்துக்கொண்டிருக்கிறதே, வளையம் எகிறிவிடும். வயிற்றில் தட்டினால் நாக்கு அந்தத் திசையில் நகர வழியில்லை. நல்லவன், கெட்டவன் வித்தியாசம் அவ்வளவுதான்: மூன்று அங்குலம்.

மறுநாள் காலை வீரம்மாள் வீட்டுக்குப் போனார். பூட்டைத் தட்டிக் காட்டினார். மன்னிப்பும் கேட்டார். இரண்டாம் தடவையும் கேட்டார்.

"கேட்டுச்சு சார், உக்காருங்க" என்றார் வீரம்மாள். "என் வூட்டுக்கு முன்னால நேத்தைக்கே நாலு பேரு நின்னுக்கினு வேடிக்கை பாத்தாங்க. நான் மைதானத்துலேர்ந்து வர்றதுக்குள்ள சேதி வந்துட்டுது."

"நான் நாளைக்கே எல்லார் முன்னாலயும் தட்டிக் காட்டறேம்மா."

"நீங்க தட்டினா ஒண்ணும் ஆவாது. 'அவரு இன்ஜினியரு, கத்துக்கினாரு. சாமி தட்டறது சாமி சக்தி'ம்பாங்க. அந்தாளு வாயாலயே அந்தாளு மாட்டணும். பூட்டுக்குக் கண்ணில்லன்னாரு இல்ல? சரி. கண்ணிருக்கறது யாருக்கு? அவருக்கு. ஆள மறச்சிட்டுத் தட்டச் சொல்லுங்க. கை மட்டும் தெரியட்டும்."

"கையைப் பார்த்தே உங்க கைன்னு கண்டுபிடிச்சிடுவாரே?"

வீரம்மாள் தன் பச்சை வளையல்களைப் பார்த்தார். அறிவழகனின் மணிக்கட்டைப் பார்த்தார். சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

நெடுமாறனைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இருந்தது. "சார், ஒரே ஒரு ரீடிங்கை வெச்சு ரிப்போர்ட் எழுதறதா? ரெண்டாவது ரீடிங் வேண்டாமா?" என்றார் அறிவழகன். முப்பது வருடம் இதையே சொல்லிப் பிறர் உயிரை வாங்கியவர் நெடுமாறன். மறுக்க முடியுமா? சாமியும் மறுக்கவில்லை. முந்நூறு பேர் கூடுவார்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தது.

அடுத்த ஞாயிறு. போன வருடப் போட்டிக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனரைத் திரையாகக் கட்டினார்கள். அதில் நெடுமாறன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் படத்துக்குக் கீழே வரிசையாக மூன்று துளை. ஒன்பது குழி வெட்டிய கழகத்துக்கு மூன்று துளை பெரிய விஷயமா?

மூன்று பேரும் பின்வழியாக உள்ளே போனார்கள். மூவருக்கும் முழுக்கைச் சட்டை. மூவருக்கும் உரம் போடும்போது மாட்டுகிற ரப்பர் கையுறை. உள்ளே நடந்தது வெளியே தெரியாது. பச்சை வளையல் அறிவழகன் கையில் ஏற மறுத்தது. வீரம்மாள் சோப்பு போட்டு, "கைய கோழிக்கழுத்து மாதிரி குறுக்குங்க சார்" என்று தள்ளினார். இரண்டு வளையல் உடைந்தது, நான்கு ஏறியது.

மூன்று கைகள் துளை வழியே வெளியே வந்தன. முதல் கையில் வளையல் இல்லை. நடுக்கையில் கையுறைக்கு மேலே பச்சை வளையல். மூன்றாவதிலும் இல்லை.

சாமி முதல் கையில் பூட்டை வைத்தார். தட், தட், தட். ஒன்றுமில்லை. நடுக்கைக்கு வந்தார். வளையலைப் பார்த்தார். கண்ணை மூடினார். பார்த்த பிறகுதான் மூடினார். தட். தட். டக்!

"பார்த்தீங்களா!" என்று நெடுமாறன் துள்ளினார். "ரெண்டாவது ரீடிங்கும் அதேதானுங்க!"

திரை விழுந்தது. முதலில் ராயப்பன். மூன்றாவது வீரம்மாள், வளையல் இல்லாமல். நடுவில், நான்கு பச்சை வளையலும் அசட்டுச் சிரிப்புமாக, கௌரவச் செயலாளர்.

முந்நூறு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அடப்பாவி, செகரெட்டரியா திருடன்?"

கூட்டம் என்றால் இப்படித்தான். சாமி பொய் என்று நினைப்பதைவிட, முப்பத்திரண்டு வருடமாகத் தெரிந்த மனிதரைத் திருடன் என்று நினைப்பது அதற்குச் சுலபம்.

சாமி அந்தக் குரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பூட்டு பொய் சொல்லாது! இவருதான்!"

"அப்ப போன வாரம் இவரு கையில ஏன் தொறக்கல? என் கையில ஏன் தொறந்துச்சு?" என்றார் வீரம்மாள்.

"திருட்டு கை மாறியிருக்கு."

சிலர் தலையாட்டினார்கள்! நிஜமாகவே ஆட்டினார்கள். அறிவழகனுக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. வீரம்மாள் விடவில்லை. கீழே கிடந்த பூட்டை எடுத்து அழுத்திப் பூட்டினார். நேரே நெடுமாறனிடம் போனார்.

"தலைவரே, கைய நீட்டுங்க."

"நான் எதுக்குங்க?"

"ரீடிங்குங்க."

நெடுமாறன் நீட்டினார். அறிவழகன் பைக்குள்ளிருந்து பூரிக்கட்டையை எடுத்தார். கயிற்றை இழுத்து விலாவில் ஒரு தட்டு. டக்! பூட்டு தலைவரின் உள்ளங்கையில் வாயைப் பிளந்தது.

"ஐயோ, நான் இல்லீங்க!" என்று நெடுமாறன் கத்தினார்.

அப்போதுதான் கூட்டம் சிரித்தது. சிரிப்பு ஆரம்பித்துவிட்டால் எந்தச் சாமியும் எதிரே நிற்க முடியாது. அறிவழகன் நாக்கு, ஸ்பிரிங், டவுன் பஸ் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினார், மறுபடியும் விளக்கினார். ஆளாளுக்குப் பூரிக்கட்டையை வாங்கித் தட்டிப் பார்த்தார்கள். ராயப்பன் கையில் திறந்தது, தேநீர்க்காரர் கையில் திறந்தது. ஒருவர் தன் மச்சான் கையில் வைத்துத் திறந்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். கூட்டத்தில் மருமகளைத் துரத்திய அந்த மாமியாரும் இருந்தார். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே அவர் திருவதிகை பஸ்ஸில் ஏறியதாகச் சொன்னார்கள். மருமகள் கதவைத் திறந்தாளா என்று தெரியவில்லை.

சாமி தனக்கு நெய்வேலியில் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டே நழுவப் பார்த்தார். பணம் கொடுத்தவர்கள் ஹாலுக்கு வழி தெரியும் என்று சொல்லிக் கூடவே நடந்தார்கள்.

நெடுமாறன் தொண்டையைக் கனைத்தார். "வீரம்மா, நாளைக்கு வேலைக்கு வந்துருங்க."

"நாளைக்கு இன்னாத்துக்கு? ஒரு வாரமா தண்ணியில்லாம புல்லு காஞ்சிக்கினு கெடக்குது, இப்பவே போறேன். அதுக்கு முன்னால ரெஜிஸ்தர எடுங்க. 'வீரம்மாள் எடுக்கல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வாயால சொன்னா என் தெருவுக்கு வந்து சேராது."

நெடுமாறன் எழுதினார். வீரம்மாள் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

எல்லாம் சரி. பேட்டரி?

சாமி பொய் என்று தெரிந்ததால் திருடன் பொய் ஆகிவிட மாட்டானே. கூட்டம் கலைந்த பிறகு அந்தக் கேள்வியோடு அறிவழகன் கொட்டகைக்குப் போனார். வளையல் இன்னும் கையிலிருந்து கழலவில்லை, அதைக் கழற்றுவதற்கான சோப்பு கொட்டகைக்குள் இருந்தது. வீரம்மாள் ஒரு வாரம் கழித்து அந்தக் கதவின் முன் நின்றார். சாவியைப் போடாமல் அப்படியே நின்றார்.

நெய்வேலியில் கரித்தூசிக்குக் காண்ட்ராக்ட் பெர்மனென்ட் பேதம் கிடையாது. துடைக்காமல் ஒரு வாரம் விட்டால் எதன்மேலும் கறுப்பாகப் படியும். கதவின்மேல் படிந்திருந்தது. பூட்டின்மேல் படிந்திருந்தது. பூட்டு மாட்டுகிற இரும்புப் பட்டையின், அதாவது கொண்டியின்மேலும் படிந்திருந்தது.

"சார், இத்த மட்டும் யாரு தொடச்சது?"

கொண்டியைக் கதவோடு பிடித்திருந்த நான்கு ஸ்க்ரூவின் தலைகள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

அறிவழகன் குனிந்து பார்த்தார். ஸ்க்ரூத் தலையின் பள்ளத்தில் தூசியே இல்லை. ஆபீஸிலிருந்து ஒரு திருப்புளி கொண்டுவரச் சொன்னார். நான்கு ஸ்க்ரூவையும் கழற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு லீவர் பூட்டு பூட்டியபடியே, கொண்டியோடு சேர்ந்து நிலைப்பக்கம் தொங்கியது. கதவு தானாகத் திறந்தது. மறுபடி நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினார். பூட்டு சரி.

உள்ளே போய்ப் பார்த்தபோது, பேட்டரி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் பழைய பித்தளை வால்வு ஒன்றையும் காணவில்லை. அந்த ஒரு வாரத்தில், கழகமே பூட்டுச் சாமியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், திருடன் வந்து தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

அறிவழகன் கதவோரமாக உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். வளையல் குலுங்கியது. அந்தக் கொண்டியை மாட்டியது அவரேதான். கடைக்காரர் சொன்னபடி மடித்து மாட்டியிருந்தால் ஸ்க்ரூக்கள் பட்டைக்கு அடியில் மறைந்திருக்கும். ரவுண்டு வருகிறவருக்குத் தூரத்திலிருந்தே பூட்டு நேராகத் தெரிய வேண்டும், ரெஜிஸ்தரில் தாமதமில்லாமல் எழுத வேண்டும் என்று அவர்தான் பட்டையைத் திருப்பிப் போட்டு, ஸ்க்ரூவை வெளியே வைத்து முடுக்கினார். சாமான் போனபோதெல்லாம் பூட்டாக வாங்கினார். ராத்திரிக்கு மூன்று தடவை எல்லாரும் பூட்டைத்தான் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார்கள். கதவை ஒருவரும் பார்க்கவில்லை. சாமியின் பூட்டு தன் கையில் திறந்தது முழுத்தப்பும் இல்லையோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"யார் சார் எடுத்திருப்பாங்க?" என்றார் ராயப்பன்.

"திருப்புளி வெச்சிருக்கிற யாரோ ஒருத்தர். இந்த ஊர்ல திருப்புளி இல்லாத வீடு எது?"

யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று சாயங்காலமே ஸ்க்ரூவை எடுத்துவிட்டுப் போல்ட் போடுகிற வேலை நடந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், கொண்டிக்குப் பக்கத்தில் திருப்புளி வழுக்கிய கீறல்கள் இருந்தன. உள்ளே எல்லாச் சாமானும் இருந்தது. அதன் பிறகு கழகத்தின் அறிவிப்புப் பலகையில் அறிவழகன் கைப்பட எழுதி ஒட்டினார். கட்டடம் வைத்திருக்கிற எவரும் பார்த்து எழுதிக்கொள்ளலாம்:

"பூட்டை மாற்றுவதற்கு முன் கொண்டியைப் பாருங்கள். வெளியே ஸ்க்ரூ தெரிந்தால் அது பூட்டிய கதவு அல்ல. ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, கதவைத் துளைத்து உள்ளே போகிற எட்டு மில்லிமீட்டர் போல்ட் போடுங்கள். வெளியே இருக்கிற தலை உருண்டையாக, திருப்புளிக்குப் பிடி இல்லாததாக இருக்கட்டும். நட்டு உள்பக்கம் இருக்கட்டும். கொண்டியை அதன்மேல் மடித்துப் பூட்டுங்கள். கீல் வெளியே இருந்தால் அதற்கும் இதையே செய்யுங்கள். ரவுண்டு வருகிறவர் கீலிலிருந்து நிலை வரைக்கும் கதவு முழுவதையும் பார்த்து எழுதட்டும். யார் மீதாவது சந்தேகம் வந்தால், முதலில் உங்கள் ஸ்க்ரூவைச் சந்தேகப்படுங்கள். இதற்கு நேர்த்திக்கடன் வேண்டாம், கோல் வேண்டாம், சாமி வேண்டாம். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர் ஒன்று போதும்."